மலைக்குப் போன தலையணைப் பஞ்சு

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழிக்குள் ஏழு வருஷம் நின்று வேலை செய்ததில் ஷஃபியுல்லாவின் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டிருந்தது. செருப்புப் போட முடியவில்லை, நடந்தால் ரத்தம் கசிந்தது. இனிக் குழியில் இறங்கினால் பாதமே போய்விடும் என்று வைத்தியர் சொன்ன அதே மாதத்தில்தான் அவன் அம்மா சுபைதா வாசலில் கோலியாட்டம் உருண்டு விழுந்து, வலப்பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்தாள். அவனுக்கும் ஃபக்ருன்னிசாவுக்கும் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை.

முதலாளி ஜப்பார் சாகிபு நல்ல மனுஷர். கூப்பிட்டு அனுப்பினார்.

"ஜவ்வாது மலை மேல நம்ம கடுக்காய்க் கிடங்குக்கு ஆள் இல்ல. காடு ஏலம் எடுத்து ரெண்டு வருஷம் ஆவுது. மலைக்காரங்க கொண்டாந்து போடற கடுக்காய நிறுத்து வாங்கணும், காயவெக்கணும், மூட்டை கட்டி லாரில ஏத்தணும். அவ்ளோதான். போறியா?"

தோல் பதனிடக் கடுக்காய் இல்லாமல் ஆகாது. ஷாப்பு நடக்கும்வரை அந்த வேலையும் இருக்கும். ஷஃபியுல்லா வீட்டுக்கு வந்து சொன்னான். ஃபக்ருன்னிசா மாமியாரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தவள், தலையைத் திருப்பாமலே, "போய்ட்டு வாங்க. மாமிய நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தப் பேச்சில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. அடுப்பில் சோறு வேகிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

1955ஆம் வருஷம் தை மாதம் அவன் மலை ஏறினான். ஆலங்காயத்திலிருந்து மண்பாதையில், பழைய மிலிட்டரி லாரியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு.

கிடங்கு அத்திப்பாறை என்ற ஊரின் ஓரத்தில் இருந்தது. ஊர் என்றால் முப்பது கூரைகள். சுற்றிலும் சாமையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகள், அதைத் தாண்டினால் காடு. ஓடு போட்ட நீளக் கட்டடம். அதன் ஒரு முனையில் அவன் தங்க ஓர் அறை. முன்னால் கடுக்காய் காயவைக்கும் களம். பின்னால் அரை ஏக்கர் தோட்டம். அவனுக்கு முன்னால் இருந்த ஆள் கொய்யாவும் எலுமிச்சையும் மாதுளையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே அவை பிழைத்துக் கிடந்தன.

முதல் வருஷம் மாசி மாதத்தில் ஜப்பார் சாகிபு லாரியோடு மேலே வந்து இறங்கினார். முகம் சரியில்லை.

"இன்னா ஷஃபி, மலையிலேந்து ஆலங்காயம் வரைக்கும் ரோடெல்லாம் கடுக்காய் கொட்டிக்கினே வருது! எலிய வளக்கிறியா நீ?"

சாக்கு மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தால் உண்மைதான். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். எலிப்பொறி வைத்தான், ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் காலையில் களத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது. கொண்டைக்குருவி ஒன்று மூட்டையின் பக்கவாட்டில் காலை ஊன்றிக்கொண்டு, சணல் இழை ஒன்றை அலகால் கவ்வி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தது. இழை அறுந்து வந்ததும் கொய்யா மரத்துக்குப் பறந்தது. உடனே இன்னொன்று வந்தது. ஷஃபியுல்லா கல்லெடுத்து விரட்டினான். விரட்டிவிட்டு உட்கார்வதற்குள் மறுபடி வந்துவிட்டன.

கடுக்காய் கொண்டுவந்த ரங்கன் இதைப் பார்த்துச் சிரித்தான். மலைக்காரன், ஷஃபியுல்லாவைவிடப் பத்து வயது பெரியவன்.

"எத்தினி வாட்டி வெரட்டுவ சாய்பு? அதுக்கு வூடு கட்டற காலம். அதுக்குன்னு தனியா ஒண்ணு குடுத்துட்டின்னா, உன் மூட்டைக்கு இன்னாத்துக்கு வரப் போவுது?"

ஷஃபியுல்லா கிழிந்த சாக்கு ஒன்றைப் பிரித்து, இழைகளை உதறி எலுமிச்சைச் செடியில் தொங்கவிட்டான். இரண்டு நாளுக்குப் பிறகு மூட்டைகளை எந்தக் குருவியும் சீண்டவில்லை.

அதோடு அந்த விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பத்து நாள் கழித்துக் கொய்யாக் கிளையில் ஒரு கொண்டைக்குருவி தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தான். முழ நீளச் சணல் இழை காலில் சுற்றி, கிளையில் மாட்டி, பறக்கப் பறக்க இறுகியிருந்தது. செத்துச் சில மணி நேரம் ஆகியிருக்கும். அவன் அதை இறக்கி, காலிலிருந்து இழையைப் பிரித்தான். பிரிக்க வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கே எலுமிச்சையில் தொங்கியதையெல்லாம் எடுத்து, அரிவாள்மணையில் விரல் நீளத்துக்கு அரிந்து, பழைய மூங்கில் தட்டு ஒன்றில் போட்டு, மழை படாதபடி கூரையின் இறவாணத்துக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டான். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் தை பிறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தான்.

வருஷத்துக்கு நான்கு முறை வாணியம்பாடிக்கு இறங்குவான். இரண்டு பெருநாளுக்கும், நடுவில் இரண்டு தடவையும். போனால் ஐந்தாறு நாள். வீடு என்பது ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு சமையல் இடம். அறையின் மூலையில் அம்மாவின் கயிற்றுக்கட்டில். அம்மாவுக்குப் பேச்சு குழறிப்போயிருந்தது. அவள் ஏதாவது சொன்னால் ஃபக்ருன்னிசாதான் திருப்பிச் சொல்ல வேண்டும். "தண்ணி கேக்கறாங்க." "நீங்க எளச்சிட்டீங்கன்னு சொல்றாங்க." அம்மா பேசி ஓயும்வரை அவன் அம்மாவின் வாயைப் பார்ப்பான், பிறகு மனைவியின் வாயைப் பார்ப்பான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புண் வராமல் முதுகில் தைலம் தடவ வேண்டும். அந்த ஐந்தாறு நாளும் அவனும் அவளும் தனியாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அம்மாவையும் மேலே கொண்டுபோய்விட்டால் என்ன என்று ஒரு தரம் டாக்டரைக் கேட்டான். "ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்கா? ஒரு குளிரு தாங்க மாட்டாங்க" என்றார் அவர். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மலையில் அவனுக்கு ஃபக்ருன்னிசாவின் நினைப்பு வேலையிடையில்தான் வரும். தராசில் கல்லை வைக்கும்போது வரும். கெங்கம்மாள், ரங்கனின் பெண்சாதி, கூடையை இறக்கிவிட்டுப் புருஷனைப் பார்த்து, "வா போலாம், கஞ்சி ஆறுது" என்று சொல்லும்போது வரும். அவள் இங்கே இருந்தால் இந்த மாதுளைக்குத் தண்ணீர் ஊற்றுவாளே, இந்த அறைக்கு ஒரு திரை தைப்பாளே என்று நினைப்பான். நினைத்த மாத்திரத்தில் உள்ளே ஏதோ ஒன்று அவனைப் பிடித்து நிறுத்தும். அவள் இங்கே வருவதென்றால் அம்மா இல்லாமல் போக வேண்டும். ஒன்றை விரும்பினால் மற்றதையும் விரும்பியதாக ஆகிறது. அதனால் அவன் அந்த ஆசையைப் பாதியிலேயே நிறுத்தப் பழகிக்கொண்டான்.

கடிதத்திலும் எழுத முடியாது. ஃபக்ருன்னிசாவுக்குக் குர்ஆன் ஓத வரும். தமிழ் எழுத்து வராது. பக்கத்து வீட்டு சகிலா எட்டாவது வரை படித்தவள். அவள்தான் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். பதில் எழுதுவதும் அவள்தான். மாமியாரும் அண்டை வீட்டுக்காரியும் கேட்கும்படி ஒருவன் தன் பெண்சாதிக்கு என்ன எழுதிவிட முடியும்? அம்மாவின் உடம்பு எப்படி, இங்கே குளிர் அதிகம், அரிசி வந்து சேர்ந்தது. மூன்று வரியில் கடிதம் முடிந்துவிடும். மீதிக் காகிதம் வெறுமனே இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் குருவிகளைப் பற்றி எழுதினான்.

"கொய்யா மரத்தில் கொண்டைக்குருவி கூடு வைத்திருக்கிறது. எல்லாம் நம் சாக்கு இழைதான். தேன்சிட்டு ஒன்று எலுமிச்சையின் தாழ்ந்த கிளையில் கட்டத் தொடங்கியிருக்கிறது. பெட்டைதான் கட்டுகிறது. ஆண் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போடுகிறது. உள்ளே மெத்தென்று வைக்க அதற்குப் பஞ்சு வேண்டும் போலிருக்கிறது. எங்கிருந்தோ எருக்கம்பஞ்சு கொண்டுவருகிறது. சாக்கு இழையைத் தொடவில்லை."

அடுத்த வாரம் லாரியில் அரிசியோடும் எண்ணெயோடும் ஒரு சின்னத் துணிமூட்டை வந்தது. அவிழ்த்தால் இலவம்பஞ்சு. ஒரு தலையணையின் காற்பங்கு இருக்கும். கட்டிகட்டியாக இல்லாமல், சிட்டின் அலகுக்கு ஏற்றபடி சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்திருந்தது.

ஷஃபியுல்லா அந்த மூட்டையை முகத்தில் வைத்துக்கொண்டான். தைல வாசனை வந்தது. ஃபக்ருன்னிசாவின் கையில் எப்போதும் இருக்கும் வாசனை. களத்தில் நின்றிருந்த ரங்கன், "இன்னா சாய்பு, ஜலதோசமா?" என்றான்.

அன்றிலிருந்து வருஷா வருஷம், தை முதல் வைகாசி வரை, மாதத்துக்கு ஒரு மூட்டையாவது மேலே வந்தது. பஞ்சு வரும், பழைய சேலையிலிருந்து உருவிய நூல் வரும், துடைப்பத்துச் சீவல் வரும். நீள இழை காலில் சுற்றிக்கொள்ளும் என்று அவன் எழுதிய பிறகு நூலெல்லாம் விரல் நீளத்தில் வந்தது. ஆனால் முனைகள் கத்தரிக்கோலால் வெட்டியதாக இல்லாமல் பிசிறுபிசிறாக இருக்கும். அவசரத்தில் பல்லால் கடித்திருக்கிறாள், கத்தரிக்கோல் எடுக்கக்கூட நேரமில்லை பாவம் என்று நினைத்துக்கொள்வான்.

அவன் பதில் எழுதுவான். எந்தக் குருவி எதை எடுத்தது, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, பாம்பு வந்தது, தப்பித்தது. பச்சை நூலை எவையும் விரும்பவில்லை, வெள்ளை நூல்தான் முதலில் தீர்கிறது. "நீ அனுப்பிய பஞ்சில் இரண்டு குஞ்சு பொரித்திருக்கின்றன" என்று எழுதும்போது அவன் கை நிற்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டது போலவும் இருக்கும், ஒன்றுமே சொல்லாதது போலவும் இருக்கும். எட்டு வருஷம் இப்படியே போயிற்று.

1963ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜப்பார் சாகிபின் ஆள் ஒருவன் ஆலங்காயத்திலிருந்து நடந்தே மேலே வந்தான். களத்தில் நின்று மூச்சு வாங்கினான்.

"விடியக்காலத்துல அம்மா மவுத்தாயிட்டாங்க, ஷஃபி."

ஷஃபியுல்லா கிடங்கைப் பூட்டிச் சாவியை ரங்கனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். ஊர் எல்லை தாண்டிப் பாதை இறங்கும் இடத்தில், அவன் கூப்பிடாமலே ஒரு நினைப்பு வந்தது. இனி ஃபக்ரு இங்கே வரலாம். பாதையிலேயே நின்றுவிட்டான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். கூட வந்த ஆள் பயந்துபோய், "அழுதுடு ஷஃபி, அழுதுடு" என்றான். அழுகை வரவில்லை.

அவன் வீடு சேர்ந்தது மறுநாள் முற்பகல். ஜனாஸாவை முதல் நாள் மாலையே எடுத்து அடக்கிவிட்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. கபர்ஸ்தானில் ஈர மண்ணைப் பார்த்தான். திரும்பி வந்து காலிக் கட்டிலைப் பார்த்தான். ஃபக்ருன்னிசா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அந்தக் கைகள் அப்படிக் கிடந்து அவன் பார்த்ததே இல்லை.

நாற்பதாம் ஃபாத்திஹா முடிந்ததும் அவள் மலைக்கு வந்தாள். லாரியின் முன்பக்கத்தில், புர்காவுக்குள், மடியில் ஒரு மூட்டையோடு. எட்டு வருஷமாக அவன் மனசுக்குள் நடத்திப் பார்த்த நாள் அது. ஆனால் அவள் அறையைப் பார்த்தாள், தோட்டத்தைப் பார்த்தாள், "நல்லா கீது" என்றாள், அடுப்பு மூட்டினாள், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து அறையின் மூலைக்குப் போவாள். அங்கே நின்று, திரும்பி வந்து உட்காருவாள். அவன் குருவியைக் காட்டினால் பார்ப்பாள். மாதுளைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஆள் இங்கே இருந்தாள், காது மட்டும் வேறு எங்கோ யாரோ கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து, சித்திரை வெயிலில், கெங்கம்மாள் வந்து இறவாணத்தில் தொங்கிய தட்டை எட்டிப் பார்த்து, "இன்னா சாய்பு, தேன்சிட்டு ரெண்டாந் தபா கட்ட வந்துகீது, தட்டுல ஒண்ணியும் காணோமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஷஃபியுல்லா மனைவியைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான்.

"ரெண்டு மாசமா பஞ்சு வர்ல. உனக்கு எங்க நேரம் இருந்திருக்கும். இப்ப வேணும்னா ரெண்டு பேருமா பிக்கலாம்."

ஃபக்ருன்னிசா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானா அனுப்பினேன்?"

"பின்ன?"

"எனக்கு எங்கங்க நேரம்? மாமிதான். எல்லாம் மாமி பிச்சது."

அவனுக்குப் புரியவில்லை. அவள் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்த மூட்டையை எடுத்து வந்தாள். உள்ளே ஒரு தலையணை. ஒரு பக்கத் தையல் பிரிந்து, பாதிப் பஞ்சு போய், உறை சுருங்கிக் கிடந்தது.

"இடக்கை நல்லா இருந்துச்சில்ல அவங்களுக்கு. உங்க லெட்டர சகிலா படிச்சா போதும், தலைகாணிய வயித்து மேல வெச்சிக்கினு ஆரம்பிச்சிடுவாங்க. ஒத்தக் கையால பஞ்ச பிச்சிப் பிச்சி. நூலுன்னா ஒரு முனைய பல்லுல கடிச்சிப் புடிச்சிக்கினு இழுப்பாங்க. நான் கத்திரிக்கோல் எடுத்துக்கினு போனா திட்டுவாங்க. சாவறதுக்கு மொத நாள்கூட இத்த வெச்சிக்கினுதான் இருந்தாங்க."

"நீ ஏன் எனக்குச் சொல்லல?"

"மாமி வேணாம்னுட்டாங்க. 'நீ அனுப்பறன்னே நெனச்சிக்கட்டும். அவனுக்கு உன்னத்தான் நான் குடுக்கல. இதாவது உன் பேர்ல போவட்டும்'னாங்க."

ஷஃபியுல்லா தலையணையை வாங்கினான். அதே தைல வாசனை. அவள் கையின் வாசனை என்று எட்டு வருஷம் முகர்ந்தது அம்மா தலை வைத்த இடம். கடைசியாக அம்மா என்னிடம் நேராகப் பேசி நான் புரிந்துகொண்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. எட்டு வருஷம் ஒருத்திக்காக ஏங்கி, இன்னொருத்தியைப் பார்க்காமலே இருந்துவிட்டான். இப்போது பார்க்க வேண்டும் போலிருந்தது. குழறினாலும் பரவாயில்லை, ஒரு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது.

மவுத்துச் செய்தி வந்த அன்றைக்குப் பாதையில் தனக்கு வந்த நினைப்பை அவளிடம் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஃபக்ருன்னிசா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் தோணிச்சி" என்றாள். "குளிப்பாட்டி கஃபன் துணி போட்டப்போ தோணிச்சி. இனிமே போலாம்னு. அப்பறம் கையிலேந்து தண்ணி செம்பு கீழ விழுந்துடிச்சி."

தலையணைப் பஞ்சை வெளியே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளலாம் என்றான். "குருவிக்குத்தானே பிச்சாங்க?" என்று கேட்டு, பிய்த்து வைத்திருந்த வரைக்கும் அவளே தட்டில் போட்டாள். பிய்க்காத மீதியை உறையோடு தைத்து உள்ளே வைத்தாள்.

அதன் பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். கடுக்காய் பொறுக்கும்போதும், சோறு வடிக்கும்போதும், மாமியைப் பற்றித்தான் பேச்சு. கடிதத்தில் பாம்பு வந்த நாளில் மாமி சாப்பிடாமல் இருந்தது. சகிலா ஒரு வரியை விட்டுப் படித்தால் கண்டுபிடித்துவிடுவது. ஜப்பார் சாகிபின் நடையை இடக்கையின் இரண்டு விரலால் நடந்து காட்டிச் சிரிக்க வைத்தது. அவன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பான். அப்படி ஓர் அம்மா தனக்கு இருந்தது அவனுக்குத் தெரியாது.

மறுவருஷ ஃபாத்திஹாவுக்கு இருவரும் கீழே போனார்கள். அவன் நான்காம் நாளே திரும்ப வேண்டியிருந்தது, கடுக்காய்க் காலம். அவள் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். பத்து நாள் பதினெட்டு நாளாயிற்று. ஒவ்வொரு லாரிக்கும் அவன் பாதை திரும்பும் இடம்வரை போய் நின்றான். அந்த வீட்டை விட்டுவர அவளுக்கு மனம் வராதோ என்று பயந்தான். மூன்றாவது லாரியில் அவள் வந்தாள். பின்னால் பாத்திரங்களுக்கு மேலே, கவிழ்த்துக் கட்டி, அம்மாவின் கயிற்றுக்கட்டில் இருந்தது.

"விக்க மனசு வர்ல. இங்க எடம் இல்லன்னா வெளிய போட்டுக்கலாம்" என்றாள்.

இடம் இருந்தது. அறையில் ஜன்னலை ஒட்டிப் போட்டார்கள். கயிறு நடுவில் ஓர் உடம்பின் அளவுக்குத் தொய்ந்திருந்தது. இழுத்துக் கட்டலாமா என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு நாள் யாரும் அதில் உட்காரவில்லை.

மூன்றாம் நாள் மதியம், சாப்பிட்ட கையோடு, ஷஃபியுல்லா அதில் போய்ப் படுத்தான். கட்டில் அவனை உள்ளே வாங்கிக்கொண்டது. கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்த பள்ளம். ஜன்னல் வழியே எலுமிச்சைக் கிளை தெரிந்தது. கண்ணை மூடினான்.

விழித்தபோது பிற்பகல் அஸர் தொழுகை நேரம் தாண்டியிருந்தது. வெளியே மண் வாசனை. பதறி எழுந்து வந்தான். கோடை மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. களத்தில் குட்டைகுட்டையாகத் தண்ணீர். காயப்போட்டிருந்த கடுக்காய் முழுவதும் கூரைக்கு அடியில் மூட்டைகளில் இருந்தது. ஃபக்ருன்னிசாவும் கெங்கம்மாளும் ரங்கனும் தலை முதல் கால் வரை நனைந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன எழுப்பியிருக்கலாமே" என்றான்.

"கூப்புடத்தான் வந்தேன்" என்றாள் ஃபக்ருன்னிசா, சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே. "வாயத் தொறந்துக்கினு தூங்கினீங்க. மாமி மாதிரியே."

ரங்கன் சிரித்தான். கெங்கம்மாள் அவனைக் கையால் இடித்தாள். ஷஃபியுல்லா களத்தின் ஓரத்தில் நின்று வானத்தைப் பார்த்தான். மேற்கே வெளுத்திருந்தது. இன்னும் ஒரு மணி நேர வெயிலாவது கிடைக்கும். களத்துத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, முதல் மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்க்க உட்கார்ந்தான்.